வாய்க்காலில் மட்டம் பார்க்கிறவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

வெள்ளவத்தை ஒழுங்கை எழுதியது:

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் கொழும்பின் வெள்ளவத்தைக் கால்வாய். போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, முக்காலியில் பூட்டிய கருவியோடு ஒரு பெண் அங்கே வந்து நின்றார். முழங்கால் வரை கறுப்பு றப்பர் பூட்ஸ். அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. காணி எடுக்கப் போகிறார்களாம், வீட்டுக்கு ரெண்டு பேர்ச் நிலம் போகுமாம். மூன்றாம் வீட்டு மாமி காணி உறுதிப் பத்திரத்தையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தவருக்கும் காணிக்கும் சம்பந்தமில்லை. நில அளவை படித்து, சில வருடம் அந்த வேலையும் பார்த்துவிட்டு, இப்போது நன்னீர் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். உதவிக்கு வரவேண்டிய பெடியன் வரவில்லை. "அண்ணா, இந்தக் கோலை ஒருக்காப் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். சும்மாதானே நிற்கிறேன் என்று வாங்கினேன். மத்தியானம் ஒன்றரை வரை விடவில்லை.

மட்டம் பார்ப்பது என்றால், எண் போட்ட ஒரு கோலைக் கருவியால் தூரத்திலிருந்து பார்த்து நிலத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பது. அந்த மட்டக்கோலைப் பிடிப்பது சும்மா நிற்கிற வேலை இல்லை. கோல் கொஞ்சம் சாய்ந்தாலும் கருவியில் தெரிகிற எண் கூடிவிடும். அதனால் கோலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, அதில் தெரிகிற ஆகக் குறைந்த எண்ணை எழுதிக்கொள்வார். சேற்றில் வைத்தால் கோல் தன் பாரத்திலேயே இறங்கும். அதற்கென்று ஒரு இரும்புத் தட்டு கொண்டுவந்திருந்தார், தோசைக்கல் மாதிரி, நடுவில் ஒரு குமிழ். கருவியை இடம் மாற்றும்போது தட்டும் கோலும் அதே புள்ளியில் அசையாமல் இருக்கவேண்டும்.

நான் அசைத்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார், தட்டையும் கோலையும் எடுத்து மதில் பக்கம் வைத்துவிட்டுக் குடித்தேன், பிறகு 'ஏறக்குறைய அந்த இடத்தில்' திரும்ப வைத்தேன். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தபோது, தொடங்கிய உயரத்துக்கும் முடித்த உயரத்துக்கும் 4 சென்றிமீற்றர் உதைத்தது. அவர் கத்தவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, தேத்தண்ணி எங்க வச்சுக் குடிச்சீங்கள்?" என்றார். அவ்வளவுதான். அங்கிருந்து திரும்பவும் அளந்தோம்.

4 சென்றிமீற்றருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். அவர் விளக்கினார். நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வராது. கால்வாயின் சரிவோ அதைவிட மோசம், தண்ணீர் சில நேரம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும். கடல்வாயில் மணல் திட்டுப் போட்டு அடைத்தால் நிலைமை இன்னும் மாறும். உப்புத்தண்ணீர் பாரம் கூட, அது அடியால் ஊர்ந்து உள்ளே வரும். அடியில் பள்ளம் இருந்தால் அதற்குள் தங்கிவிடும். மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு, இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்காமல். அந்தப் பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று மட்டம் எடுக்காமல் எப்படித் தெரியும்? மீன் ஆராய்கிறவர்கள் மீனை எண்ணுகிறார்கள், அளவையாளர்கள் உயரத்தை எழுதுகிறார்கள், இரண்டு கொப்பியையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஆளில்லை என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

பிறகு சின்னக் கண் வலை ஒன்றை அடியில் வைத்து, சேற்றைக் காலால் உதைத்துக் கிளப்பி இழுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினார். முதலில் கறுப்புக் குழம்பும் மணமும்தான். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசினால், இரத்தச் சிவப்பில் நூல் நூலாகப் புழுக்கள் சுருண்டு நெளிந்தன. கொசு மாதிரியே இருக்கிற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குடம்பிகளாம். நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அவற்றுக்கும் உண்டு. அதனால்தான் ஒட்சிசன் மிகக் குறைந்த சேற்றிலும் பிழைக்கின்றன. வேறு உயிர் இல்லாமல் அவற்றை மட்டும் கண்டால், அந்த இடத்துத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு என்று விளங்கிவிடுமாம். நூறு யார் தள்ளி, கொஞ்சம் மேடான அடித்தளத்தில் அதே வலையைப் போட்டபோது சின்ன இறாலும் தும்பிக் குடம்பி ஒன்றும் வந்தன. ஒரே கால்வாய். மாமியும் உறுதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

உங்களில் யாராவது இப்படி ஆட்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

மருதானைக்காரன்:

எங்கட வாப்பா நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்தவர். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்பதைப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே நாங்கள் பாடமாக்கினோம். நீங்கள் சொல்கிற கூட்டு வேலை புதிது இல்லை என்று அவர் இருந்தால் சொல்லியிருப்பார். திணைக்களம் 1800இல் தொடங்கியபோது முதலாவது நில அளவையாளர் நாயகமாக இருந்த ஜொன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு இயற்கையியலாளர். தேசாதிபதி நோர்த்தோடு வந்தவர். அளவுச் சங்கிலியும் பூச்சி, செடி சேர்க்கிற ஆசையும் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது. இடையில்தான் பிரித்துவிட்டோம்.

வாப்பா சதுப்பில் அளந்த கதை ஒன்று சொல்வார். இடுப்பளவு சேறு, கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு ஒன்று சங்கிலிக்குக் குறுக்கே படுத்துவிட்டது. அளவையாளர் ஐயா, "அது எழும்பும் மட்டும் பொறுப்போம்" என்றாராம். முக்கால் மணித்தியாலம்!

படகில் போன மாணவி:

நான் கடைசி வருடத்தில் கொழும்பு நகருக்குள் இருக்கிற பேரே வாவியில் ஒரு ஆழ அளவைக்கு உதவிக்குப் போனேன். படகில் ஒலி அனுப்பி எதிரொலியில் ஆழம் பார்க்கிற கருவி. கேட்க லேசு. ஆனால் அந்த வாவியின் அடி எது என்பதே பெரிய கேள்வி. மேலே கஞ்சி மாதிரிச் சேறு, கீழே கெட்டிச் சேறு. உயர் அதிர்வெண் ஒலி கஞ்சியின் மேற்பரப்பில் திரும்பிவிடும், தாழ்ந்தது அதை ஊடுருவிப் போகும். இரண்டு எண் வரும், இரண்டும் சரி. கடைசியில் கயிற்றில் ஈயக் குண்டு கட்டித்தான் எங்களுக்குள் சண்டை தீர்ந்தது. சல்வீனியா என்ற நீர்க்களை மிதக்கிற இடத்தில் கருவி சுத்தமாகக் குழம்பிவிடும். அந்தச் செடியை 1939இல் நாட்டுக்குள் கொண்டுவந்ததே கொழும்பில் தாவரவியல் படிப்பிக்கத்தான் என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் தாவரவியல் பிள்ளைகள், எங்களால் சிரிக்க முடியவில்லை.

எனக்கு மறக்காதது விடியற்காலை ஐந்து மணி அளவை. பச்சைத் தண்ணீரில் பகல் முழுக்கப் பாசி ஒட்சிசன் விடும். இரவில் அதுவே மூச்சுக்கு எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்தான் ஆகக் குறைவு. கரை ஓரத்தில் திலாப்பியாக்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டு நின்றன, பஸ்ஸில் யன்னல் தேடுகிற சனம் மாதிரி. பத்து மணிக்கு வந்து அளந்திருந்தால் எல்லாம் நலம் என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

கொலன்னாவைவாசி:

கதை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. 2018இல் டுபாயில் வைத்து 18 நகரங்களுக்கு, ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் கொடுத்தார்கள், அதில் கொழும்பும் ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சதுப்பு, மழை வந்தால் முன்னாலும் சதுப்பு. அளந்து போனவர்கள் அளந்தது என்ன என்று எங்களுக்கு வந்து சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்தப் பெண் சொன்னாரா?

வெள்ளவத்தை ஒழுங்கை:

கொலன்னாவை அண்ணைக்கு: நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்டேன். ஆய்வு முடிய இன்னும் காலம் இருக்கு என்றார். ஆனால் போகும்போது மதகுச் சுவரில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போட்டு, கடல் மட்டத்திலிருந்து அதன் உயரத்தைப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போனார். மழை நாளில் தண்ணீர் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். முதல் இரண்டு மாதம் நான் அனுப்பினேன். இப்போது மாமிதான் அனுப்புகிறார். நேற்று இரவு பத்தரைக்குக் குடையும் டோர்ச்சுமாகப் போய் வந்து, "ரெண்டு செங்கல் உயரம் மிச்சம் இருக்கு தம்பி" என்று என் கதவையும் தட்டிவிட்டுப் போனார்.