நம் நெல் பெரியவரிடம் கற்றதை இங்கே எழுதுங்கள்: விதை, அளவு, பக்குவம்

பாரம்பரிய நெல் விதை கொடுத்து வந்த நம் பெரியவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் எல்லோரும் பெரியவர் என்றே எழுதுவோம். 2013 டிசம்பர் 30-இல் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரையும் 2018 டிசம்பர் 6-இல் பாரம்பரிய நெல் மீட்ட நெல் ஜெயராமனையும் பறிகொடுத்த மண் இது. அவர்கள் பேசியதெல்லாம் அச்சிலும் ஒளிப்பதிவிலும் இருக்கிறது. நம் பெரியவர் மேடை ஏறாதவர். அவருக்குத் தெரிந்தது முழுக்க வரப்பில் நின்று வாயால் சொன்னதுதான். ஆழ்ந்த இரங்கல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், எந்த வயலில் என்ன சொன்னார், எவ்வளவு என்றார், ஏன் என்றார் என்பதை எழுதுங்கள். கிலோ, லிட்டர், நாள் கணக்கு விட்டுப்போகக் கூடாது. அவரவர் ஊர்ப் பெயரைத் தலைப்பாகப் போட்டு எழுதுங்கள்.

மன்னார்குடி

விதை வாங்க யார் போனாலும் அவர் உடனே கோணியைப் பிரிக்கமாட்டார். ஆற்றுத் தண்ணீரா, போர்த் தண்ணீரா என்று கேட்பார். மழை விட்டபிறகு வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பார். வடிவாய்க்கால் யார் கொல்லை வழியாகப் போகிறது என்று கேட்பார். பதிலைப் பொறுத்துத்தான் ரகம். தண்ணீர் தேங்கும் பள்ளக்காலுக்கு தூயமல்லி கேட்டவரை, "தம்பி, அது அங்க அழுகிடும், ஒட்டடையான் எடுத்துட்டுப் போ" என்று திருப்பி அனுப்பியது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கணக்கு ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் வைத்திருந்த அதே கணக்குத்தான்: 2 கிலோ வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோ.

கொடுக்கும்போதே உப்புக் கரைசல் பக்குவத்தையும் சொல்லிவிடுவார். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ கல்லுப்பைக் கரைத்து, அதில் ஒரு புது நாட்டுக்கோழி முட்டையைப் போட வேண்டும். முட்டையின் மேல்பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் பதம். அடியிலேயே கிடந்தால் உப்பைக் கூட்ட வேண்டும். பழைய முட்டை நல்ல தண்ணீரிலேயே மிதக்கும், அதை நம்பக் கூடாது. பதம் வந்தபின் விதையைக் கொட்டிக் கிளறி, மிதப்பதை அரித்துவிட்டு, மூழ்கியதை உடனே நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும். கழுவுவதில் சோம்பினால் உப்பு முளையைச் சுட்டுவிடும்.

பாபநாசம்

மேலே சொன்ன அளவு மீசை இல்லாத நெல்லுக்குச் சரி. நுனியில் மீசை உள்ள ரகங்களுக்கு அவர் உப்பைக் குறைக்கச் சொல்வார். மீசையில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொள்வதால் நல்ல விதையும் மேலே வந்துவிடும். அவற்றுக்கு 10 லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டு, முட்டை லேசாகத் தலைகாட்டினால் போதும். கொட்டுவதற்கு முன் கோணியில் வைத்துத் தேய்த்து மீசையை ஒடித்துவிட்டால் இன்னும் நல்லது. இது தெரியாமல் பாதி விதையைப் பதர் என்று கோழிக்குப் போட்டவர்கள் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

வலங்கைமான்

நெல் தண்டின் சாறை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது மறக்காது. பயிரின் மேலிலையை அவர் ஏறிட்டும் பார்க்கமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, ஒரு குத்தை இரண்டு கையாலும் விலக்கி, தண்டின் அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். நொய் அளவில் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து, விழுந்த வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தண்டில் ஏறும். எண்ணுவார். பிறகு அதே குத்தில் சிலந்தி இருக்கிறதா என்று தேடுவார். சிலந்தி இல்லையென்றால் சிம்புக்கு, அதாவது கிளைத்த தண்டு ஒன்றுக்கு, ஒரு பூச்சி கண்டாலே வேலையில் இறங்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். இந்தக் கணக்கை அவர் எத்தனை வயலைக் காப்பாற்றப் பயன்படுத்தினாரோ தெரியாது, மருந்துக் கடைக்குப் போக வேண்டிய பணத்தைப் பலருக்கு மிச்சப்படுத்தினார்.

முதல் வேலை தண்ணீரை வடிப்பது. மூன்று நான்கு நாள் காயப்போட்டு, மண் லேசாக வெடிக்கும்போது மறுபடி கட்ட வேண்டும். அடித்தூரில் ஈரமும் நிழலும் குறைந்தால் பூச்சி பெருகாது. சைபர்மெத்ரின் மாதிரி மருந்தைக் கையில் எடுக்கவே விடமாட்டார். அது சிலந்தியைக் கொன்றுவிடும், புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். எந்தக் கரைசலாக இருந்தாலும் அடித்தூரில் படுகிற மாதிரி அடிக்க வேண்டும். மேலிலையில் அடித்தால் பூச்சி இருக்கும் இடத்துக்கே போய்ச் சேராது.

ஆனால் அவருக்கு முக்கியம் நடவுதான். எட்டடிக்கு ஓரடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நட வேண்டும், அதுவும் கிழக்கு மேற்காக. அந்த ஓரடியில் வெயிலும் காற்றும் உள்ளே போகும், மருந்தடிக்க ஆளும் போகலாம். இடம் வீணாகிறது என்று பட்டம் விடாதவர்களிடம் அவர் வாதாடமாட்டார். பட்டம் விட்ட வயலையும் விடாத வயலையும் கார்த்திகையில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

நன்னிலம்

மடக்கி உழும் பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு பற்றி யாரும் எழுதவில்லை. பெரியப்பா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். குழுவாக நிலம் பிடித்துச் சாகுபடி செய்யும் பெண்களுக்கு அவர் முதலில் கொடுத்தது நெல் விதை இல்லை, இதுதான். கோடை மழையில் ஒரு உழவு போட்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40 முதல் 45 நாளில், பூ எடுக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். தண்டைக் கையால் ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். நார் உரிந்து தொங்கினால் நாள் கடந்துவிட்டது, மக்க நேரமாகும். மடக்கியபின் தண்ணீர் கட்டி ஒரு வாரம் முதல் பத்து நாள் விட வேண்டும். "அவசரப்பட்டு நட்டுடாதீங்கம்மா, உள்ள வெந்துக்கிட்டு இருக்கும்" என்பார். அழுகல் நடக்கும்போது எழும் சூட்டிலும் வாயுவிலும் புது வேர் கருகி நாற்று மஞ்சளடிக்கும். அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டால், அடுத்து புகையானுக்கு நாமே வழி வைத்த மாதிரி.

தலைஞாயிறு

வாய்க்கால் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரன் எழுதுகிறேன். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வரும் நாளை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. போரில் உப்பு. வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அவர் இந்தப் பக்கம் வந்தால் உப்பைத் தாங்கும் குழியடிச்சான், குடவாழை, களர்பாளை மூன்றையும் தனித்தனி மூட்டையாக எடுத்து வருவார். நாற்றங்காலே வேண்டாம், மழைக்கு முன் புழுதியில் நேரடியாக விதைக்கச் சொல்வார். முதல் பெருமழைத் தண்ணீரைக் கட்டிவைத்து உடனே வடித்துவிட வேண்டும், மேல்மண் உப்பு அதோடு போகும். அந்தத் தண்ணீரை ஆசைப்பட்டுத் தேக்கினால் உப்பு அங்கேயே தங்கிவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் பயிர் மூழ்கினால் அவருக்கு இயற்கை, ரசாயனம் என்ற பேதம் கிடையாது. சி.ஆர் 1009 என்ற புது ரகம் போட்டவன் வீட்டுக்கும் அதே அக்கறையோடு வருவார். தண்ணீர் நிற்கும்போது எந்த உரமும் போடக் கூடாது, முதலில் வடிகாலை வெட்ட வேண்டும். வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். இதோடு டி.ஏ.பி உரக் கரைசலைக் கலந்தால் சிங்க் திரிந்து அடியில் தங்கிவிடும். பயிர் பச்சை திரும்பிய பிறகு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்பிண்ணாக்கு மூன்றையும் முதல் நாள் ராத்திரியே கலந்துவைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இட வேண்டும். வேளாண்துறை சொல்லும் அளவுதான். துண்டுச் சீட்டில் எழுதிக் கடைமடை முழுக்க வீடு வீடாகக் கொடுத்தவர் அவர்.

ஒரத்தநாடு

எலிக்கு தஞ்சாவூர் கிட்டிப் பொறி. சாயங்காலம் வைத்து, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். வரப்பை ஒன்றரை அடிக்கு மேல் அகலம் விடாமல் சீவ வேண்டும், அகல வரப்பில்தான் வளை தங்கும். விஷம் வைத்தால் ஆந்தையும் சேர்ந்து சாகும் என்பதால் அவர் அதற்குச் சம்மதித்ததே இல்லை.

குடவாசல்

எல்லோரும் பயிரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். பெரியவர் தன் உயிராக நினைத்தது விதை நெல் எடுப்பதை.

கலவன், அதாவது வயலில் கலந்து நிற்கும் வேறு ரகப் பயிர், பிடுங்குவது மூன்று தடவை. சிம்பு வெடிக்கும்போது அடித்தண்டின் நிறம் பார்த்து ஒரு முறை, பூக்கும்போது முந்தியும் பிந்தியும் பூப்பதைப் பார்த்து ஒரு முறை, அறுப்புக்கு முன் மணியைப் பார்த்துக் கடைசி முறை. கதிரை மட்டும் கிள்ளினால் பக்கச் சிம்பு மறுபடி பூக்கும், குத்தை வேரோடு எடுக்க வேண்டும். அடுத்த ரகத்துக்கும் நமக்கும் 3 மீட்டராவது இடைவெளி வேண்டும். ஓர வரிசை நெல் சாப்பாட்டுக்கு, நடு வயல் நெல் விதைக்கு.

விதைக்கு மிஷின் அறுப்பு கூடவே கூடாது. முந்தின வயலில் அறுத்த நெல் மிஷின் வயிற்றுக்குள் படிக்கணக்கில் தங்கியிருக்கும், பத்து வருடம் காப்பாற்றிய ரகம் ஒரே அறுப்பில் கலப்படமாகிவிடும். கையால் அறுத்து, கட்டை முதலில் அடிக்கும் தலையடியில் உதிரும் நெல்லை மட்டும் எடுக்க வேண்டும். முற்றிய மணி முதல் அடியிலேயே உதிரும். வைக்கோலை மறுபடி அடிக்கும் போரடியில் வருவது அரைவிளைச்சல்.

காயவைப்பது காலை 8 முதல் 12 வரை, பிறகு 3 முதல் 5 வரை. உச்சிவெயிலில் சிமெண்டுக் களத்தில் கிடந்தால் மணிக்குள் கீறல் விழும், முளைப்புத் தன்மை போகும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும். அவரிடம் மீட்டர் கிடையாது. கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று இரண்டாக உடைந்தால் கட்டலாம், நசுங்கினால் இன்னொரு வெயில். வைக்கோலில் சுற்றிக் கோட்டை கட்டும்போதோ கோணியில் போடும்போதோ நொச்சி, வேம்பு, புங்கன் இலை சேர்ப்போம். நிழலில் சருகாகக் காய்ந்த இலைதான் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் அந்துப்பூச்சி போய் பூஞ்சணம் வரும். மூட்டை சுவரில் ஒட்டாமல் பலகை மேல் இருக்க வேண்டும், அமாவாசைக்கு அமாவாசை எடுத்துக் காயவைக்க வேண்டும்.

மறுபடி மன்னார்குடி

எல்லாவற்றையும் படித்தேன். இப்போது வேலைக்கு வருவோம். பெரியவர் வீட்டுப் பத்தாயத்தில் போன தை அறுப்பு விதை இருக்கிறது: தூயமல்லி, கருப்புக் கவுனி, குடவாழை, குழியடிச்சான், ஒட்டடையான், பூங்கார். நம் டெல்டா ஈரக்காற்றில் விதை நெல்லை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. இந்தச் சம்பாவில் மண்ணில் இறங்காத ரகம் அடுத்த வருடம் முளைக்காமல் போகலாம்.

எடுக்கிறவர்கள் முதலில் முளைப்புப் பாருங்கள். நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, தினம் தண்ணீர் தெளித்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். 80-க்கு மேல் என்றால் வழக்கமான விதை அளவு. 60 என்றால் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். 50-க்குக் கீழே போனதை சாப்பாட்டுக்கு நடாமல், ஒற்றை நாற்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் தனியாக நட்டு, விளைந்தது அத்தனையையும் விதைக்கே வையுங்கள்.

ஒட்டடையான் 200 நாள் பயிர், ஆடி பிறந்ததும் நாற்றங்காலில் இறங்க வேண்டும். பழைய சம்பா ரகங்கள் பகல் குறையும்போதுதான் கதிர் வாங்கும். ஆசைப்பட்டுப் பருவத்துக்கு முன்பே போட்டால் தாளும் இலையுமாக நின்று சாயும். பூங்கார் குறுகிய நாள், அதை மட்டும் பருவம் பார்க்காமல் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

ரகம் ஒன்றுக்கு இரண்டு வீடு வேண்டும், ஒன்று தலைமடையில், ஒன்று கடைமடையில். ஒரு பக்கம் வெள்ளம் வந்தாலும் மறுபக்கம் மிஞ்சும். குழியடிச்சானும் குடவாழையும் தலைஞாயிறு பக்கம் ஒரு வீடு தயார், மேலே இன்னொரு வீடு தேவை. ஒட்டடையானுக்குப் பள்ளக்கால் உள்ளவர்கள் மட்டும் கேளுங்கள். கவுனிக்கும் தூயமல்லிக்கும் பாபநாசம், குடவாசல் சொல்லியிருக்கிறார்கள். பூங்காருக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை துணிப்பையோடு வாருங்கள். ரகத்தின் பெயரையும் அறுத்த மாதத்தையும் சீட்டில் எழுதி, பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று கட்டுங்கள்.