டல்லாஸில் நழுவிய மூன்று நாள்

அன்பு: அத்தை, நாளைக்கு ஆஸ்பத்திரி எமர்ஜென்சில பயிற்சி கொடுக்கணும். வெளிநாட்டுலேர்ந்து எபோலாவோட ஒருத்தர் வந்தா என்ன செய்யறதுன்னு. எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?

மாலதி அத்தை: அமெரிக்காவுல டல்லாஸ் நகரத்துல 2014-ல நடந்ததுலேர்ந்து ஆரம்பிடா. லைபீரியாவுலேர்ந்து வந்தவர் செப்டம்பர் 25 ராத்திரி காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆப்பிரிக்காலேர்ந்து வந்ததை நர்ஸ் எழுதியும் வச்சாங்க. ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 28-ம் தேதி ஆம்புலன்ஸ்ல திரும்பி வந்தார். எபோலான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அக்டோபர் 8-ல இறந்துட்டார்.

மாலதி அத்தை: அதனால, காய்ச்சல்னு வந்தா கடைசி 21 நாள் எந்த நாட்டுல இருந்தீங்கன்னு கேக்கணும். எழுதி வச்சா பத்தாது, டாக்டர் காதுல போடணும். சந்தேகம்னா உடனே தனி அறை, தனி கழிப்பறை.

ரவி மாமா: லேப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு. மலேரியா டெஸ்டை அதே நேரத்துல பண்ணு. அங்கேர்ந்து காய்ச்சலோட வர்றவங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் இருக்கும், தாமதிச்சா அதுவே உயிரை எடுக்கும். ஆனா மலேரியா பாசிட்டிவ்ங்கறதால எபோலா இல்லைன்னு ஆகிடாது.

அன்பு: ரத்தத்துல எபோலா வைரஸைத் தேடுற பிசிஆர் டெஸ்ட் நெகட்டிவ்னா விட்டுடலாமா மாமா?

ரவி மாமா: அறிகுறி வந்து 72 மணி நேரம் ஆகலைன்னா விடாதே. ஆரம்பத்துல ரத்தத்துல வைரஸ் கம்மி, மறுபடி எடுக்கணும். சாம்பிளைக் கையில கொண்டு வாங்க. காத்தழுத்தத்துல சாம்பிளைத் தள்ளுற நியூமேட்டிக் டியூப் குழாய்ல அனுப்பி உள்ளே உடைஞ்சா சுத்தம் பண்ண வழியே இல்லை.

அன்பு: டல்லாஸ்ல அவரோட வீட்ல கூட இருந்தவங்களுக்கு வரலை, பிபிஇ-ன்னு சொல்ற பாதுகாப்பு உடை போட்ட நர்ஸ் ரெண்டு பேருக்கு வந்துடுச்சே, ஏன்?

மாலதி அத்தை: நல்ல கேள்வி, இதைக் கட்டாயம் சொல்லு. வீட்ல இருந்தப்போ நோய் ஆரம்பம். ஐசியு வந்தப்போ லிட்டர் கணக்கா வயித்துப்போக்கு, வாந்தி, ரத்தத்துல வைரஸ் உச்சத்துல. அப்போ இருந்த விதியில கழுத்துத் தோல் வெளிய தெரிஞ்சாலும் பரவாயில்லைன்னு விட்டிருந்தாங்க. அக்டோபர் 20-ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதை மாத்துச்சு. தோல் கொஞ்சம்கூடத் தெரியக்கூடாது. கழட்டும்போது ஒருத்தர் பக்கத்துல நின்னு ஒவ்வொரு படியா வாசிச்சுச் சொல்லணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கையுறையைக் கிருமிநாசினியால துடைக்கணும். களைச்சுப்போய் அவசரமா கழட்டுற நிமிஷம்தான் ஆபத்து.

அன்பு: தரையில சிந்தினா?

மாலதி அத்தை: துணியால மூடி, 0.5% குளோரின் ஊத்தி, 15 நிமிஷம் விட்டுத் துடை. 5% ப்ளீச்னா ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி. தினமும் புதுசா கலக்கணும், நேத்து கலந்தது வீரியம் போயிருக்கும்.