சக் ஈ. சீஸ் மேடை பொம்மைகளை மூட்டை கட்டியது சரிதானா?

நெம்புகோல்:
அமெரிக்காவில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு சக் ஈ. சீஸ் கடையைத் தெரியாமல் இருக்காது. பீட்சா, வீடியோ கேம், பிறந்தநாள் கேக், அப்புறம் மேடையில் பாடும் ஓர் எலியும் அதன் வாத்தியக் கோஷ்டியும். எல்லாம் காற்றழுத்தத்தில் ஆடும் இயந்திரப் பொம்மைகள். 2024 மே மாதம், வருடக் கடைசிக்குள் இவற்றை எடுத்துவிடப் போவதாக நிறுவனம் சொன்னது. கலிஃபோர்னியாவில் நார்த்ரிட்ஜ், நியூயார்க்கில் நானுவெட் என்று இரண்டு கிளைகளுக்கு மட்டும் விலக்கு. ரசிகர்கள் போட்ட சத்தத்தில் இன்னும் மூன்று சேர்ந்து ஐந்தாயிற்று. என்னைக் கேட்டால் இது சுத்த முட்டாள்தனம். பொம்மைகளுக்குப் பதில் திரையும் நடனத் தளமுமாம். திரையை எந்தக் கடைக்காரனும் சுவரில் மாட்டலாம், நடனத் தளம் போடலாம். வேறு எவனிடமும் இல்லாத ஒரே பொருள் அந்த மேடைதான், அதையா தூக்கிப் போடுவார்கள்?

மாலினி_டாலஸ்:
நெம்புகோல் சார், சின்னக் குழந்தையோடு இந்த மாதிரிக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? நான் போன ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பொம்மைக்கு ஒரு கண் இமை மூடவே இல்லை, வாய் பாட்டுக்கு அரை நொடி பின்னால் ஓடியது, என் பெண் நேராக மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சக் ஈ. சீஸில் இந்த மாற்றம் 2017லேயே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் பொம்மைகளைப் பார்ப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, எலி வேஷம் போட்ட ஆள் எப்போது வருவார் என்றுதான் காத்திருக்கிறார்கள் என்று அப்போதைய தலைவரே தொலைக்காட்சியில் சொன்னார். வாடிக்கையாளர் திரும்பிக்கூடப் பார்க்காத ஒன்றுக்கு எதற்குச் செலவு?

பழைய_ஆர்கேட்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்தப் பொம்மைகள் முதலில் பிள்ளைகளுக்கென்று வந்தவையே இல்லை.

முதல் கடை 1977 மே மாதம் சான் ஹோசேயில் திறந்தது, திறந்தவர் அட்டாரி என்ற வீடியோ கேம் கம்பெனியைத் தொடங்கிய நோலன் புஷ்நெல். அப்போது வீடியோ கேம் பெட்டிகள் இருந்தது மதுக்கடைகளிலும் அது மாதிரி இடங்களிலும். குடும்பத்தோடு போய்க் காசு போட்டு ஆட ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. பீட்சா எப்படியும் வேக நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் பிள்ளைகள் காசைக் கரைப்பார்கள், பெற்றோர் எதைப் பார்ப்பது? அதற்குத்தான் பொம்மைகள். டிஸ்னிலேண்டில் பாடும் பறவைகளையும் கரடிகளையும் பார்த்து வந்த யோசனை அது. முதல் கடையில் மேடைகூடக் கிடையாது, சுவரில் உயரத்தில் சட்டம் போட்ட ஓவியங்கள் மாதிரி தலையும் தோளும் மட்டும் தெரியும். எலி கையில் சுருட்டு, பேச்சு முழுக்கப் பெரியவர்களுக்கான கிண்டல். (அந்த எலியே தற்செயல்தான், கொயோட் (ஓநாய் மாதிரி ஒரு விலங்கு) என்று நினைத்து வாங்கிய வேஷம் எலியாகப் போய்விட்டது.) கொஞ்சம் பின்னால் தனி அறையில் பியானோ வாசிக்கும் டாலி டிம்பிள்ஸ் என்ற நீர்யானையை வைத்தார்கள், பியர் குடிக்கிற அப்பாக்களுக்காக. ஆகவே பிள்ளைகள் பார்க்கவில்லை என்று நிறுவனம் சொன்னால் அது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நிகழ்ச்சியை வேண்டுமென்றே சிறு துண்டுகளாக வைத்து நடுவில் இடைவெளி விட்டதும், எழுந்து போய் இன்னொரு டோக்கன் போடட்டும் என்பதற்காகத்தான். இன்று பெற்றோர் கையில் போன் இருக்கிறது. கதை முடிந்தது.

ஷங்கர்_எஸ்ஜே:
அண்ணா, ஆனாலும் 2023 வரைக்கும் சில கிளைகளில் புது நிகழ்ச்சி ஃப்ளாப்பி டிஸ்கில்தான் வந்தது தெரியுமா? ஊழியர் ஒருவர் போட்ட வீடியோ எல்லா இடத்திலும் சுற்றியது. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த தொழில்நுட்பம்!

நெம்புகோல்:
ஃப்ளாப்பியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அதில் என்ன இருந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். படம் கிடையாது, எந்த நொடியில் எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற கட்டளைகள்தான். பின்னறையில் காற்றை அழுத்தித் தரும் ஒரு கம்ப்ரஸர் ஓடும், அங்கிருந்து குழாய்கள் பொம்மைக்குள் போகும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சின்ன சிலிண்டர், அதற்கு ஒரு சோலினாய்டு வால்வு. மின்சாரம் வந்தால் காற்று உள்ளே பாயும், கை தூக்கும். நின்றால் இறங்கும். பெரும்பாலான அசைவுகள் முழுக்கத் திறப்பு அல்லது முழுக்க மூடல், நடுவில் ஒன்றும் இல்லை. அப்படி இருந்தும் போட்டிக் கடையான ஷோபிஸில் ஆடிய ராக்-அஃபைர் எக்ஸ்ப்ளோஷன் என்ற பொம்மைக் கோஷ்டியைப் பாருங்கள், 1980இல் ஆர்லாண்டோவில் ஆரன் ஃபெக்டரின் ஆட்கள் செய்தது, டிரம்ஸ் வாசிக்கும் நாய் தோளைக் குலுக்குவதில் ஒரு மனுஷத்தனம் இருக்கும். காற்றை எவ்வளவு வேகமாக விடலாம் என்று குழாய்க்குக் குழாய் திருகித் திருகிச் சரி செய்ததால் வந்தது அது. நிரல் எழுதுவதும் தட்டச்சு வேலை இல்லை. பாட்டை ஓடவிட்டு ஓர் ஆள் பொத்தான்களை அழுத்தி முதலில் வாயைப் பதிவு செய்வான், திரும்ப ஓடவிட்டு இமைகளை, அப்புறம் கழுத்தை, அப்புறம் இடது கையை. ஒரே பாட்டை அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப. டேப்பில் சில தடங்களில் இசை, சில தடங்களில் இந்தச் சைகைகள். இசைக்கலைஞன் வேலையும் பொம்மலாட்டக்காரன் வேலையும் சேர்ந்த ஒரு கை அது. பழைய ஆர்கேட் சொல்லும் வரலாறு சரிதான், ஆனால் காத்திருக்க வைக்கும் தந்திரமாகத் தொடங்கியது கடைசி வரைக்கும் தந்திரமாகவே இருந்தது என்று யார் சொன்னது?

மாலினி_டாலஸ்:
கேட்க நன்றாக இருக்கிறது சார். அத்தனை வால்வையும் யார் பார்த்துக்கொள்வது? கடையில் ஒரு டெக்னீஷியன் இருப்பார், அவர்தான் டிக்கெட் கக்காத மெஷினையும் பார்க்க வேண்டும், காசு விழுங்கும் மெஷினையும் பார்க்க வேண்டும். லேடெக்ஸ் தோல் காய்ந்து வெடிக்கும், ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், சிலிண்டர் கசிந்தால் கை பாதியில் தொங்கும். கேம் மெஷின் நின்றால் அன்றைக்கே வருமானம் போகிறது, பொம்மை நின்றால் ஒன்றும் போவதில்லை. எதை முதலில் சரி செய்வார்? இந்த நிறுவனம் 2020 ஜூனில் திவால் மனு போட்ட ஒன்று, மறந்துவிடாதீர்கள்.

பழைய_ஆர்கேட்:
திவால் அவர்களுக்குப் புதிது இல்லை மேடம், 1984இலும் நடந்தது. அதைச் சொன்னால்தான் ராக்-அஃபைர் கதையே புரியும். டோபீகாவில் ஹாலிடே இன் ஹோட்டல்கள் நடத்திய ராபர்ட் ப்ராக் என்பவர் 1979இல் புஷ்நெல்லோடு கிளைகள் திறக்க ஒப்பந்தம் போட்டார். அப்புறம் ஃபெக்டரின் பொம்மைகளைப் பார்த்தார், இவை புஷ்நெல்லின் பொம்மைகளைவிட நன்றாக இருக்கின்றனவே என்று ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு 1980 மார்ச்சில் கான்சாஸ் சிட்டியில் ஷோபிஸ் பீட்சா பிளேஸ் திறந்தார். வழக்கு, சமரசம், வருமானத்தில் பங்கு எல்லாம் நடந்தது. வீடியோ கேம் சந்தை சரிந்து புஷ்நெல்லின் கம்பெனி விழுந்ததும் வாங்கியது அதே ஷோபிஸ்தான். 1990இல் என்ன செய்தார்கள்? ராக்-அஃபைர் பாத்திரங்களின் உரிமை ஃபெக்டரிடம் இருந்தது, எலி சொந்தச் சொத்து. ஆகவே ராக்-அஃபைர் பொம்மைகளின் தோலை உரித்து, அதே எலும்புக்கூட்டில் சக் ஈ. சீஸ் கோஷ்டியின் தோலை மாட்டினார்கள். கீபோர்டு வாசித்த கொரில்லா ஊதா நிற மன்ச் ஆனது, டிரம்ஸ் நாய் பாஸ்குவாலி என்ற சமையல்காரன் ஆனது, பாடிய மிட்ஸி எலி ஹெலன் ஹென்னி என்ற கோழி. நெம்புகோல் புகழ்கிற அந்தக் கலையை நிறுவனம் அன்றைக்கே கொன்றுவிட்டது. 2024இல் எடுத்தது மிச்சத்தை.

நெம்புகோல்:
கொன்றதாகச் சொல்கிறீர்கள், ஆனால் சாகவில்லையே! அலபாமாவில் ஒரு ரசிகர் ஒரு முழு ராக்-அஃபைர் செட்டையே வாங்கித் தன் இடத்தில் நிறுத்தினார், 2008 வாக்கில் அது புதுப் பாட்டுகளுக்கு ஆடும் வீடியோக்கள் யூடியூபில் பரவின. உரிமைக் கணக்குப் பார்த்து ஒழித்த பொம்மைகளை ஜனங்கள் சொந்தக் காசில் மீட்கிறார்கள் என்றால் மதிப்பு தெரியாதது யாருக்கு?

மாலினி_டாலஸ்:
அந்த ரசிகர்கள் எல்லோரும் பெரியவர்கள். கடை நடப்பது ஆறு வயதுப் பிள்ளைகளின் பிறந்தநாளில். உங்கள் ஏக்கத்துக்கு அவர்கள் ஏன் பீட்சா வாங்க வேண்டும்?

ஷங்கர்_எஸ்ஜே:
மேடம், இப்போதைய பசங்களுக்கு இந்தப் பொம்மைகளைத் தெரியும், அதுவும் 2014இல் வந்த அந்தத் திகில் கேம் மூலமாக. பீட்சா கடை பொம்மைகள் ராத்திரியில் நடமாடும் கேம். என் தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் நிஜப் பொம்மையைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தான். இலவச விளம்பரம், இவர்களோ பொம்மையை எடுக்கிறார்கள்.

மாலினி_டாலஸ்:
பிறந்தநாள் கேக் வெட்டும் இடத்தில், இது ஆளைக் கொல்லும் பொம்மை என்று பிள்ளைகள் கூப்பாடு போடுவது விளம்பரமா தம்பி? நான் மேனேஜராக இருந்தால் அந்த ஒரு காரணத்துக்கே எடுத்திருப்பேன்.

நெம்புகோல்:
பயம் எல்லாம் பராமரிக்காததால் வருவது. இமை ஒழுங்காக மூடினால் பாதிப் பயம் போய்விடும்.

பழைய_ஆர்கேட்:
அந்த ஐந்து கிளைகளைப் பற்றி ஒன்று. நார்த்ரிட்ஜைத் தவிர நானுவெட், ஹிக்ஸ்வில், வட கரோலினாவின் பைன்வில், இல்லினாயின் ஸ்ப்ரிங்ஃபீல்ட். மற்ற இடங்களில் கழற்றிய வால்வும் சிலிண்டரும் இந்த ஐந்துக்கு உதிரிப் பாகமாகக் கிடைத்தால் நிறைய வருடம் ஓட்டலாம். இரும்பு எனக்குப் பிரச்சினை இல்லை. பொத்தான் அழுத்தி நிரல் எழுதத் தெரிந்த ஆளை யார் சம்பளத்துக்கு வைக்கப் போகிறார்கள்? பழைய பாட்டையே சுற்றிச் சுற்றிப் போட்டால் அது அருங்காட்சியகம், கடை இல்லை.

நெம்புகோல்:
அருங்காட்சியகமாகவே இருக்கட்டும் சார், நுழைவுக் கட்டணத்துக்குப் பதில் பீட்சா வாங்கிக்கொள்கிறேன். நிரல் எழுதும் ஆள் கிடைக்க மாட்டான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அலபாமாக்காரர் எந்தக் கம்பெனியிலும் சம்பளம் வாங்கிக் கற்றுக்கொள்ளவில்லை.

மாலினி_டாலஸ்:
அப்படியென்றால் அவர்களிடமே கொடுத்துவிடட்டும், நிறுவனத்தின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? ஷங்கர், உங்கள் தம்பியை நார்த்ரிட்ஜுக்குக் கூட்டிப் போனால் அவன் மேடையை எத்தனை நிமிடம் பார்த்தான், கேம் மெஷினை எத்தனை நிமிடம் பார்த்தான் என்று இங்கே எழுதுங்கள்.