‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’: ஆறாவது பாடலைத் தாண்ட முடியவில்லை, உங்களுக்கு எப்படி?

தாழ்சுருதி எழுதியது:

வணக்கம். ‘தி க்யூர்’ என்ற ஆங்கில ராக் குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தைக் கேட்டவர்களிடம் ஒரு கேள்வி. சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-க்குப் பிறகு இந்தக் குழுவிடமிருந்து புதிய பாடல்கள் கொண்ட ஆல்பம் எதுவும் வரவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 1 அன்று இது வெளிவந்ததும் அன்றே வாங்கிவிட்டேன். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் என் அண்ணன் இறந்துபோனார். இந்தக் குழுவை எனக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. எட்டுப் பாடல்கள், 49 நிமிடங்கள். அவற்றில் முதல் ஐந்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆறாவது பாடலான ‘ஐ கேன் நெவர் சே குட்பை’ தொடங்கியதும் கை தானாகவே நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடுகிறது. குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் தம் அண்ணன் ரிச்சர்டின் மரணத்தைப் பற்றி எழுதிய பாடல் அது என்று முன்பே படித்திருந்ததால், சொற்களுக்குத்தான் அஞ்சுகிறேன் போலிருக்கிறது என்று தொடக்கத்தில் நினைத்துக்கொண்டேன். ஆனால் சொற்கள் வருவதற்கு வெகு முன்பே, பியானோவில் அதே சில சுரங்கள் திரும்பத் திரும்ப விழும் இடத்திலேயே, நான் எழுந்துவிடுகிறேன்.

நண்பர் ஒருவர், இந்த நேரத்தில் நீ கேட்க வேண்டிய ஆல்பம் இதுதான், மனத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. இன்னொருவர், எல்லாம் ஒரே சாயல், பாட்டு தொடங்குவதற்குள் பொறுமை போய்விடுகிறது, அறுபத்தைந்து வயதுக்காரரின் புலம்பலுக்கு இத்தனை வாத்தியங்களா என்றார். அவர்மீது கோபம் வந்தது. ஆனால் அவருக்குப் பதில் சொல்லவும் என்னால் இயலவில்லை, ஏனென்றால் ‘அலோன்’ பாடலில் குரல் வருவதற்கு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகிறது என்பது உண்மைதானே.

நெருங்கியவரை இழந்த பிறகு இதைக் கேட்டவர்களும், அப்படி எதுவும் நேராமல் வெறும் இசையாகக் கேட்டவர்களும், தங்கள் அனுபவத்தை எழுத இயலுமா? அந்த நீண்ட முன்னிசை உங்களை என்ன செய்தது என்பதை அறிய எனக்கு மிகவும் ஆவல்.


பழைய நாடா எழுதியது:

உங்கள் அண்ணனின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல்.

1989-இல் ‘டிஸின்டெக்ரேஷன்’ வந்த காலத்திலிருந்தே இவர்களைக் கேட்டு வருகிறேன். நீண்ட முன்னிசை இவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அந்த ஆல்பத்தில் முன்னிசை என்பது ஒரு காட்சியை விரித்துக் காட்டுவதற்காக. முப்பது வயதை எட்டப்போகிற ஒருவர் தம் இளமை போய்விட்டதே என்று கலங்குகிற கலக்கத்துக்கு அத்தனை அலங்காரம் வேண்டியிருந்தது. இந்த ஆல்பத்தில் நடப்பது வேறு. தாய், தந்தை, அண்ணன் என்று மூவரையும் இழந்த பின் வந்த பாடல்கள் இவை. ‘அலோன்’ பாடலை ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். டிரம்ஸ் பாரமான கால்களை எடுத்து வைப்பது போல நடக்கிறது. சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் அதற்கு அடியில் உறுமுகிறது. கீபோர்டு மேலே பரவுகிறது. ஒரு நிமிடம் ஆனதும் இதோ குரல் வரப்போகிறது என்று தோன்றும், வராது. இரண்டு நிமிடங்களில் மறுபடியும் தோன்றும், அப்போதும் வராது. மூன்றைத் தாண்டியதும் குரல் வரும்போது, துக்கம் கேட்க வந்தவர் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமலேயே பேசத் தொடங்கியது போல இருக்கிறது. உங்கள் இரண்டாவது நண்பர் இழுவை என்று சொல்வது இந்தத் தயக்கத்தைத்தான். அவர் தவறாகக் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த நிமிடங்கள் வெறும் நிமிடங்களாகவே கடந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஐ கேன் நெவர் சே குட்பை’ ஐந்தாவது பாடலான ‘ட்ரோன்:நோட்ரோன்’ முடிந்த உடனே வருகிறது. ஐந்தாவது பாடல் முழுக்க இரைச்சலும் வேகமும் எரிச்சலும்தான். தம் வீட்டுக்கு மேலே பறந்த ஒரு டிரோனைக் கண்ட ஆத்திரத்தில் பிறந்ததாக ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். அத்தனை சத்தம் அடங்கிய மறுகணம் ஒற்றைப் பியானோ ஒலித்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். ஆகவே ஐந்திலிருந்து ஆறுக்குப் போகாதீர்கள். முதலில் எட்டாவதான ‘எண்ட்சாங்’ பாடலை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்தப் பாடலில் குரல் வருவதற்கே ஆறு நிமிடங்கள் ஆகும். 1969-இல் நிலவில் மனிதன் இறங்கியபோது ஸ்மித் பத்து வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்த்த நினைவு அதற்குப் பின்னால் இருக்கிறது. அதிலும் இழப்புதான், ஆனால் அது ஒரேயொருவரின் சாவை உற்றுப் பார்க்கும் பாடலன்று.


குறுக்குக்கேள்வி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். துக்கத்தில் இருப்பவரின் இழையில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருதரப்பையும் கேட்டிருக்கிறீர்கள், அதனால் துணிகிறேன்.

எனக்கு இந்த ஆல்பம் முழு நிறைவைத் தரவில்லை. பாடல்கள் நீளமாக இருப்பது என் குறையன்று, ஒலிக்கலவைதான் குறை. டிரம்ஸ் எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டு முன்னால் நிற்கிறது. பேஸும் கிட்டாரும் கீபோர்டும் ஒன்றன்மேல் ஒன்று அப்பியது போல ஒலிக்கின்றன. நல்ல ஹெட்போனில் கேட்டாலும் வாத்தியங்களுக்கு நடுவே காற்றுப் புகுவதற்கு இடமில்லை. நான்காவது பாடலான ‘வார்சாங்’ எனக்கு ஒரு முழுப் பாடலாகவே தோன்றவில்லை. இதையெல்லாம் சொன்னால், அவர் தம் அண்ணனை இழந்திருக்கிறார், உமக்கு ஒலிக்கலவை ஒரு கேடா என்று கேட்கிறார்கள். ஆல்பத்தின் பொருள் துயரம் என்பதால் அதன் குறைகளைச் சொல்லக்கூடாது என்ற நிலை வந்துவிட்டால், பிறகு பாராட்டுக்கும்தான் என்ன மதிப்பு இருக்கிறது?

அதோடு, பின்னணிக் கதையை அறிந்துவிட்ட பிறகு நாம் கேட்பது பாடலையா, கதையையா என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் 2016-இல் வெளியிட்ட ‘ஸ்கெலிட்டன் ட்ரீ’ நினைவிருக்கிறதா? அவருடைய பதினைந்து வயது மகன் 2015 ஜூலையில் இறந்துபோனான். ஆல்பம் வந்ததும், அதிலுள்ள ஒவ்வொரு வரியும் அந்த மகனைப் பற்றியது என்றே பலரும் கேட்டார்கள். ஆனால் அதன் பாடல்களில் பெரும்பாலானவை மகன் உயிரோடிருந்தபோதே எழுதப்பட்டவை. நானும் அப்படித்தான் கேட்டு உருகினேன், பிறகு உண்மை தெரிந்ததும் சற்று வெட்கமாகவே இருந்தது.

குறை சொல்லிவிட்டு அப்படியே போக மனமில்லை. ஆல்பம் வெளியான அன்றே லண்டனில் உள்ள ட்ராக்ஸி அரங்கில் இந்த எட்டுப் பாடல்களையும் வரிசையாக வாசித்தார்கள். அந்த நிகழ்ச்சியின் பதிவு தனி ஆல்பமாகவும் கிடைக்கிறது. எனக்கு அதுவே மேலானதாகப் படுகிறது. மூச்சு விட இடம் இருக்கிறது.


கறுப்புவெள்ளைக் கட்டை எழுதியது:

சுருக்கமாக ஒரு செய்தி. ஆறாவது பாடலின் பியானோப் பகுதியை வாசித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் விரல்களுக்குக் கடினமான இடம் எதுவுமே இல்லை, பழகத் தொடங்கிய குழந்தையும் வாசித்துவிடும். கடினம் என்பது அதை எங்கும் வளர்க்காமல், அழகுபடுத்தாமல், வந்த வழியே திரும்பி முதல் சுரத்துக்கே வருவதில்தான். நான்காவது ஐந்தாவது சுற்றில் விரல் தானாகவே வேறு ஏதாவது செய்யத் தவிக்கும். அங்கேதான் நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.


நடைவழி எழுதியது:

குறுக்குக்கேள்வி அவர்கள் சொன்ன ஒலிக்கலவைக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். கதையை அறிந்து கேட்பதைப் பற்றிச் சொன்னதை மட்டும் முழுமையாக ஏற்க இயலவில்லை. என் கதையை நான் எங்கே கழற்றி வைத்துவிட்டுக் கேட்பது?

என் அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நேரத்தில் பக்கத்திலேயே இருப்பேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பதினொரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் மாற்றுடை எடுத்து வருவதற்காக வீட்டுக்குப் போய், அலமாரியைத் திறந்து, அவருக்கு எந்த உடை கழுத்தில் உரசாமல் இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. இந்த ஆல்பத்தின் இரண்டாவது பாடலான ‘அண்ட் நத்திங் இஸ் ஃபாரெவர்’ அப்படிப்பட்ட ஒரு வாக்குறுதியைப் பற்றியது. இறக்கும் வேளையில் உடன் இருப்பதாக ஒருவருக்குக் கொடுத்த வாக்கைத் தம்மால் காப்பாற்ற முடியாமற்போனதிலிருந்து அது பிறந்ததாக ஸ்மித் கூறியிருக்கிறார். நான் அந்தச் செய்தியைப் படித்தது பாடலைப் பலமுறை கேட்ட பிறகுதான். படிப்பதற்கு முன்பும் அது என்னை உலுக்கியது. படித்த பிறகு, இப்படிப் போய்ச் சேராமல் விட்ட இன்னொருவரும் இருக்கிறார் என்று தெரிந்தது. ஆறுதல் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது. துணை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உங்களுக்கு ஆறுதல் கிடைக்காதது ஆல்பத்தின் குறையோ உங்கள் குறையோ அன்று என்பது என் எண்ணம். அம்மா போன முதல் ஆண்டில் என்னால் இவ்வளவு அழகான இசையைக் கேட்கவே முடிந்திருக்காது. அப்போது நான் கேட்டதெல்லாம் அமெரிக்கப் பாடகர் ஃபில் எல்வரம் ‘மவுண்ட் ஈரி’ என்ற பெயரில் 2017-இல் வெளியிட்ட ‘எ க்ரோ லுக்ட் அட் மீ’ ஒன்றுதான். ராக் என்று அதைச் சொல்ல முடியாது, பெரும்பாலும் கிட்டாரும் தாழ்ந்த குரலும்தான். மனைவி 2016-இல் புற்றுநோயால் இறந்த அதே அறையில், அவருடைய வாத்தியங்களை வைத்தே பதிவு செய்தது. முதல் பாடலில் ஓர் இடம் வரும்: மனைவி இறந்து ஒரு வாரம் கழித்து அவர் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது, பிரித்துப் பார்த்தால், சிறு குழந்தையாக இருக்கும் மகள் பின்னாளில் பள்ளிக்குப் போகும்போது எடுத்துச் செல்வதற்கான ஒரு முதுகுப்பை. உயிரோடிருந்தபோது யாருக்கும் சொல்லாமல் வாங்கியிருக்கிறார். அவ்வளவுதான், அதற்கு மேல் அங்கே ஓர் உவமைகூட இல்லை. சாவைப் பாட்டாக்குவதே தகாது என்று பாடிக்கொண்டே பாட்டாக்குகிற அந்தச் சங்கடம் அன்றைக்கு எனக்குச் சரியாகப் பொருந்தியது. க்யூர் குழுவின் இசை அதற்கு நேர்மாறு. அங்கே துயரத்துக்குக் கோபுரம் எழுப்புகிறார்கள். ஆறாவது பாடலில் அண்ணனின் உயிரைக் களவாட இரவிலிருந்து ஏதோ ஒரு தீமை வருவதாக, ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தின் சூனியக்காரி பேசும் தொடரையே எடுத்தாள்கிறார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சற்றுத் தள்ளி வந்து நிற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

தமிழில் இதற்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறதே, கையறுநிலை என்று. இறந்தவரை எண்ணிச் செயலற்று நிற்பதைப் பாடும் துறை. ‘அலோன்’ பாடலின் அந்த மூன்று நிமிடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எங்கும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே சொல் என்பதால், அந்தப் பாடலைக் கேட்கும் வெளிநாட்டு நண்பர்கள் பலருக்கு இறந்தவர் மூத்தவர் என்பதே தெரியவில்லை. நமக்கு அது தெரிந்துவிட்டால் பாடலின் எடையே மாறிவிடுகிறது, இல்லையா?


குறுக்குக்கேள்வி எழுதியது:

நடைவழி அவர்களுக்கு: கதையைக் கழற்றி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்றாலும், அப்படித் தொனிக்கும்படி எழுதிவிட்டேன் என்பது இப்போது படிக்கையில் தெரிகிறது. பாடகரின் கதைக்கும் கேட்பவரின் கதைக்கும் இடையே வேறுபாடு உண்டு; நான் ஐயுற்றது முன்னதை மட்டுமே. டிரம்ஸ் பற்றிய கருத்தில் மாற்றமில்லை.


தாழ்சுருதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், சொன்னதைச் செய்துவிட்டு வரலாம் என்று காத்திருந்தேன்.

பழைய நாடா அவர்கள் சொன்னபடி ‘எண்ட்சாங்’ பாடலை மட்டும் தனியாகக் கேட்டேன். நான்கைந்து நிமிடங்களில், இனிக் குரல் வர வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன். குரல் வந்தபோது யாரோ அறைக்குள் வந்துவிட்டது போலத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து ட்ராக்ஸி பதிவில் ஆறாவது பாடலை எடுத்தேன். கறுப்புவெள்ளைக் கட்டை அவர்கள் எழுதியது மனத்தில் இருந்ததால், பியானோவின் சுற்றுகளை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன அந்தத் தவிப்பு வந்தது, எழவில்லை. பாடத் தொடங்கி இரண்டாவது வரியில்தான் நிறுத்தினேன். முழுதாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

குறுக்குக்கேள்வி அவர்களே, நீங்கள் எழுதத் தயங்கியதாகச் சொன்னீர்கள். ஒலிக்கலவையைப் பற்றிய உங்கள் பத்தியைப் படித்தபோது சிரித்துவிட்டேன், ஏனென்றால் என் அண்ணன் இருந்திருந்தால் வரிக்கு வரி இதையே சொல்லியிருப்பார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஆம்ப்ளிஃபயரில் நான் பேஸ் குமிழை ஏற்றிவைப்பேன், அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் அதைக் குறைத்துவிட்டுப் போவார். இப்போது அது நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை உங்கள் பேச்சைக் கேட்டு, அதைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கிறேன்.