பயோஆக்டிவ்: உயிரியக்கமா, உயிர்வினையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பல்லின் கடினமான மேற்படலமாகிய பற்சிப்பியை அமிலத்திடமிருந்து காக்கப் பயன்படும் பயோஆக்டிவ் பொருள்களுக்கு, அதாவது உடலின் திசுவோடும் நீர்மங்களோடும் வினைபுரியும் பொருள்களுக்கு, ‘உயிரியக்கப் பொருள்’ என்னும் சொல் நம்மிடையே முன்மொழியப்பட்டிருக்கிறது. ரேடியோஆக்டிவ் என்பதற்குக் கதிரியக்கம் நிலைத்துவிட்டதால் அதே வார்ப்பில் இதையும் அமைக்கலாம் என்னும் வாதம் முதற்பார்வையில் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் பொருளின் நடத்தையைக் கவனித்தால் அந்த ஒப்புமை நிற்கவில்லை. யுரேனியம் எங்கே கிடந்தாலும் தானாகவே கதிரை உமிழ்ந்துகொண்டிருக்கும். அதை இயக்கம் என்பது சரி. 1969-இல் பொருளறிவியலாளர் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 என்னும் பயோஆக்டிவ் கண்ணாடியோ உலர்ந்திருக்கும் வரை வெறும் பொடிதான். அதைச் சேர்த்த பற்பசையை நீர் விடாமல் கிளிசரின் போன்றவற்றில் குழைப்பதே, குழாய்க்குள்ளேயே வினை தொடங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்தப் பொடியில் உமிழ்நீர் பட்டதும் கண்ணாடியிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அவற்றின் இடத்தில் புகுகின்றன. அதனால் சுற்றிலும் காரத்தன்மை உயர்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வந்து பல்லின் மேல் படிந்து, பற்சிப்பியின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிகார்பனேட் அபடைட்டாகப் படிகமாகின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை இது வினையே. ஆகவே வேதிவினை என்பதன் வார்ப்பில் ‘உயிர்வினைப் பொருள்’ என்று சொல்வதே என் பரிந்துரை. நல்வினை, தீவினை நினைவுக்கு வருமே என்று சிலர் சிரிக்கலாம். வேதிவினை படிக்கும் மாணவர் எவரும் ஊழ்வினையை நினைத்துக் குழம்பி நான் பார்த்ததில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. பற்சிப்பி எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அப்படியிருக்க இங்கே ‘உயிர்’ எதற்கு? ‘உமிழ்நீர்வினை’ என்று மாற்றினால் பல்லுக்குப் பொருந்தும், எலும்புக்குப் பொருந்தாது. இக்கண்ணாடி முதலில் பெயர் பெற்றதே உயிருள்ள எலும்போடு பிணைவதால்தான். மேலும் ஒரு கலைச்சொல்லுக்கு உடன்பிறப்புகளும் வேண்டும்: திசுவோடு வினைபுரியாமல் சும்மா இருக்கும் பொருளை, மந்த வாயுவைப் பின்பற்றி ‘உயிர்மந்தப் பொருள்’ எனலாம், பயோகம்பாட்டிபிலிட்டிக்கு உயிரிணக்கம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

அமிலத்தால் பற்சிப்பி கரைவதைக் குறிக்கும் எரோஷன் என்பதற்கு ‘அரிப்பு’ வேண்டாம். பல் அரிப்பு என்றால் படிப்பவர் நமைச்சல் என்றே கொள்வார். மண்ணரிப்பில் நீரோட்டம் மண்ணை அறுத்துச் செல்கிறது. பல்லிலோ அமிலம் கனிமத்தைக் கரைக்கிறது. அந்த அமிலம் பாக்டீரியாவிலிருந்து வருவதன்று என்பதால் ‘சொத்தை’யும் ஆகாது. ‘அமிலக்கரைவு’ என்றால் ஐயமில்லை. இளகிய பரப்பைத் தூரிகை தேய்த்தெடுப்பதைத் தேய்வு என்று தனியே சொல்லிக்கொள்ளலாம்.

இழந்த கனிமம் பல்லில் மறுபடி சேர்வதாகிய ரீமினரலைசேஷனுக்குச் சிலர் எழுதும் ‘பற்சிப்பி மீளுருவாக்கம்’ என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கரைந்துபோன தடிப்பு திரும்புவதில்லை. இளகிநிற்கும் படலத்துக்குள்தான் கனிமம் மறுபடி ஏறுகிறது. ‘கனிம மீளேற்றம்’ என்று எழுதினால் நடப்பதற்கு மேல் எதையும் வாக்களித்ததாக ஆகாது.