என் நாயகி வீல்சேரில் இருக்கிறாள்: காதல் கதையை எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி – பூங்குயில்

வணக்கம் நட்புகளே. இந்தக் காலத்தில் நடக்கிற ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகிக்கு 29 வயது, கட்டட வடிவமைப்பாளர். 4 வருடத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. நாயகன் அவளுடைய பிசியோதெரபிஸ்ட். எழுதின வரைக்கும் படித்துப் பார்த்தால் எபிக்கு எபி (அத்தியாயத்துக்கு அத்தியாயம்) அவள் அழுகிறாள், அவன் தேற்றுகிறான். அவளைப் பாவமாகவும் காட்டக் கூடாது, எதற்கும் கலங்காத வீராங்கனையாகவும் காட்டக் கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் நடுவில் என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை. நெருக்கமான காட்சிகள் என்று வந்தால் இன்னும் தயக்கம். கடைசியில் அவள் எழுந்து நடப்பதாக முடிக்கலாமா? மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

பதில் – நீலாம்பல்

நான் பல வருடமாக வீல்சேரில் இருப்பவள், காதல் கதைகளை விடாமல் படிப்பவள், அதனால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 4 வருடம் கழிந்த பிறகும் அவள் ஏன் இப்படி அழுகிறாள்? அடிபட்ட புதிதில் அழுகை, கோபம், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் போவது எல்லாம் உண்டுதான். ஆனால் இப்போது அவளுக்கு நாளைக்கு முடிக்க வேண்டிய வரைபடம் இருக்கும், மேலதிகாரியோடு மனத்தாங்கல் இருக்கும், யாரோ ஒருத்தன் பேசினால் மனசு படபடக்கும். வீல்சேர் அவளுக்குப் பழகிவிட்டது. அவளுக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். அவள் எதிரிலேயே இருக்கும்போது கூட வந்தவரிடம் "இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள் பாருங்கள், அங்கே. கேட்காமல் கொள்ளாமல் பின்னால் வந்து நாற்காலியைத் தள்ளுவார்களே, அங்கே. முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? உதவி வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் அதை நம்பி ஒதுங்கி நிற்கத் தெரிந்தவன் என்றால் வாசகிகள் அவன் பக்கம் தானாகச் சாய்வார்கள்.

அப்புறம், கைகோத்து நடக்கிற காட்சி. எல்லாக் காதல் கதையிலும் வரும், வீல்சேர் நாயகி என்றதும் எழுதுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். அவளுடைய இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும். இடது கையை அவன் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் அவள் தள்ளினால், வண்டி இடது பக்கம் திரும்பி அவன் காலில்தான் போய் இடிக்கும். அவன் கொஞ்சம் முன்னால் இழுத்துக் கொடுத்தால்தான் நேராகப் போகும். அந்த இழுப்பும் தள்ளலும் ஒத்துவருகிற வரைக்கும் ரெண்டு பேரும் தடுமாறுவதை ஒரு பக்கம் எழுதலாம், அவ்வளவு அழகு அதில் இருக்கிறது. மழைக் காட்சி வைத்தால் சக்கர வளையம் நனைந்து கை வழுக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. சூடான டம்ளரை அவள் மடியில் வைத்துக்கொண்டு வரக் கூடாது, தொடையில் உணர்வு இல்லாததால் சுட்டுக் கொப்பளித்த பிறகுதான் கண்ணில் படும். இதைத் தெரிந்து வைத்திருக்கிறவன் பேச்சை நிறுத்தாமல் டம்ளரை வாங்கிக்கொண்டு கூடவே நடப்பான். விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் நம் தேவை ஒருவருக்குப் புரிந்துவிடுகிறபோது வருகிற நெருக்கத்தைப் பற்றி மியா மிங்கஸ் என்ற எழுத்தாளர் 2011-ல் எழுதினார், அதற்குத் தனியாக ஒரு பெயரும் வைத்தார். ஒரு காதல் கதைக்கு வேண்டிய மொத்தச் சரக்கும் அந்த நெருக்கத்தில் இருக்கிறது என்பேன்.

பதில் – தென்றல்வழி

நான் பிசியோதெரபி துறையில் இருக்கிறேன். தயவுசெய்து நாயகனின் வேலையை மாற்றுங்கள். சிகிச்சை தருகிறவர் சிகிச்சை பெறுகிறவரைக் காதலிப்பது எங்கள் தொழில் ஒழுக்கத்துக்கே விரோதம். அவள் தேறுவது அவன் கையில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு இடம் இருக்கும்? அவளுடைய வரைபடத்தில் குறை கண்டுபிடிக்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக அவன் வரட்டும். சமமான ரெண்டு பேர் மோதினால்தான் சண்டையும் சூடு பிடிக்கும், காதலும் சூடு பிடிக்கும்.

எழுந்து நடப்பது பற்றி: தண்டுவடக் காயத்தில் திரும்பி வருகிற அசைவில் பெரும்பகுதி முதல் 6 முதல் 12 மாதத்துக்குள் வந்துவிடும். 4 வருடமாக அசைவும் உணர்வும் துளியும் இல்லாத ஒருத்தி கடைசி எபியில் காதலன் கூப்பிட்டதும் எழுந்து நடந்தால் அது நடக்காத காரியம். குழந்தை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட பிறகு சில மாதம் மாதவிலக்கு நின்று போகலாம், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், கருத்தரிக்கவும் முடியும். "இவளால் ஒரு பிள்ளையைப் பெற முடியுமா?" என்று மாமியார் கேட்கிற காட்சி வைத்தால், அதற்குப் பதில் சொல்ல நாயகிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதில் – கதைவிரும்பி

எழுதுகிறவள் இல்லை நான், படிக்கிறவள் மட்டும்தான். நாயகி நடந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. அத்தனை எபி கூடவே இருந்துவிட்டு அவளுக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாதா என்று மனசு கேட்கிறதே. எல்லாக் கஷ்டத்தையும் அப்படியே விட்டுவிட்டுச் சுபம் போட்டால் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி இருக்கும்.

பதில் – நீலாம்பல்

உங்கள் ஆசை புரிகிறது தோழி, அன்பில் சொல்கிறீர்கள். ஆனால் அவள் நடந்தால்தான் சுபம் என்றால், நடக்காத நான் இன்னும் சுபத்துக்குக் காத்திருக்கிறேன் என்று ஆகிவிடுகிறது. அப்படி இல்லை. அவளுக்கு நடக்க வேண்டிய நல்லது அவள் ஆசைப்பட்டதாக இருக்கட்டும்: அவள் வரைந்த கட்டடம் எழும்பட்டும், அவள் விரும்பினவன் கிடைக்கட்டும். வீராங்கனை விஷயத்திலும் இதே கதைதான். சும்மா வேலைக்குப் போய் வந்தாலே எங்களைப் பாராட்டி மற்றவர்கள் தெம்பு ஏற்றிக்கொள்வதைப் பற்றி ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014-ல் ஒரு மேடையில் வெளிப்படையாகப் பேசினார், அவரும் வீல்சேரில் இருந்தவர். பூங்குயில், எழுதுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி – பூங்குயில்

நாயகன் இன்ஜினியர் ஆகிவிட்டான், நன்றி! அவள் எழுந்து நடக்கிற முடிவையும் நீக்கிவிட்டேன். நெருக்கமான காட்சி மட்டும் இன்னும் நிற்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவளுக்கு ஆசையை எப்படி எழுதுவது?

பதில் – நீலாம்பல்

ஆசை இடுப்புக்குக் கீழே மட்டுமா இருக்கிறது? கழுத்து, காது மடல், உள்ளங்கை எல்லாம் அவளுக்கு இருக்கிறதே. உணர்வு நின்றுபோகிற எல்லைக்குச் சற்று மேலே தோல் முன்னைவிடக் கூச்சம் கூடியதாக இருப்பது பலருக்கு உண்டு, அது அவனுக்குத் தெரியாது, அவள்தான் அவன் கையை எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். அதையே காட்சியாக்குங்கள். அவள் சொல்லித் தருகிறாள், அவன் கேட்டுக்கொள்கிறான், நடுவில் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வருகிறது. நடைமுறை விஷயங்களை ஒளிக்க வேண்டாம். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், அதனால் முன்கூட்டியே குளியலறைக்குப் போய்விட்டு வருவாள், ஒரு வரி போதும். அவன் அவளை அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துவது மட்டும் வேண்டாம், அவளே கையை ஊன்றி மாறிக்கொள்வாள், காலைக் கையால் எடுத்துப் போடுவாள். அவள் கேட்டுக்கொண்டால் அவன் தூக்கட்டும், அது வேறு.

அந்த எபி போட்டதும் இணைப்பை இங்கே கொடுங்கள், வண்டியிலிருந்து கட்டிலுக்கு மாறுகிற பத்தியை நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.