ஏரிக் குறிப்புகள்: மாவட்ட வாரியாக அடுக்குவதா, இணைப்புகளால் கோப்பதா?

பாலாற்றங்கரை, குடியாத்தம்
பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஏரிகளைப் பற்றிச் சேர்த்த குறிப்புகளை வெறும் உரைக்கோப்புகளாக, மாவட்டத்துக்கு ஒரு கோப்புறை என்று வைத்திருக்கிறேன். 1989ஆம் ஆண்டுப் பிரிவினையில் மாமண்டூர் திருவண்ணாமலைப் பக்கம் போயிற்று. 2019இல் காவேரிப்பாக்கம் இராணிப்பேட்டைக்குப் போயிற்று. எதை எங்கே இடுவது என்று தெரியாமல் காவேரிப்பாக்கம் ஏரிக்கு மட்டும் மூன்று படிகள் உருவாகி, மூன்றிலும் வெவ்வேறு திருத்தங்கள் சேர்ந்துவிட்டன. கோப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறையைத் தமிழில் கையாண்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கோட்டை அகழி, வேலூர்
கோப்புறைகளைக் கலைத்துவிடுங்கள் ஐயா. ஏரிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, கால்வாய்க்கு ஒன்று என எல்லாக் கோப்புகளும் ஓரிடத்தில் இருக்கட்டும். மாவட்டத்தின் பெயர் கோப்பினுள் ஒரு வரியாக இருந்தால் போதும். காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் வரும் வழியை எழுதும்போது [[பாலாற்று அணைக்கட்டு]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால், அப்சிடியன் போன்ற செயலிகள் அதை இணைப்பாகக் கொள்ளும். அணைக்கட்டின் கோப்பைத் திறக்கும்போது அதைச் சுட்டும் ஏரிகளெல்லாம் பட்டியலாக வரும். அந்தச் செயலி நாளை இல்லாமற்போனாலும் உரைக்கோப்பு அப்படியே கையில் இருக்கும்.

பட்டுத்தறி, ஆரணி
மேலே சொன்னது சரியே. ஆனால் தமிழில் வேற்றுமை உருபு வந்து குறுக்கே நிற்கும். [[மாமண்டூரில்]] என்று எழுதினால் செயலி அதை வேறொரு கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும் என்பதால், [[மாமண்டூர்|மாமண்டூரில்]] என்று எழுதுங்கள்.

தேடும்போது இறுதிப் புள்ளியை விட்டுவிடுங்கள். யூனிக்கோடில் 'ர்' என்பது 'ர' ஒரு குறியீடாகவும் புள்ளி மற்றொரு குறியீடாகவும் அடுத்தடுத்து நிற்பதுதான். ஆகவே 'மாமண்டூர' என்று தேடினால் மாமண்டூர், மாமண்டூரில், மாமண்டூருக்கு ஆகிய மூன்றும் அகப்படும். குளம் 'குளத்தில்' என்று திரிவதால் 'குள' என்றுதான் தேட வேண்டும். உடன் 'குளிர்' என்ற சொல்லும் வந்து சேரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று: 'கொள்ளளவு' என்பதிலுள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடலில் பாதிக் கோப்புகள் விடுபடும். அனைத்தையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகு இணைக்கத் தொடங்குங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

பாலாற்றங்கரை, குடியாத்தம்
மூன்று படிகளையும் ஒன்றாக்கிவிட்டேன், நன்றி. மகேந்திரவாடிக் குடைவரைக் கல்வெட்டு அவ்வூர் ஏரியை மகேந்திர தடாகம் என்கிறது. பழைய பெயருக்குத் தனிக் கோப்பு வேண்டுமா?

கோட்டை அகழி, வேலூர்
வேண்டா. ஏரிக் கோப்பின் தலைப்பகுதியில் மாற்றுப்பெயருக்கென்று உள்ள இடத்தில் அதைச் சேர்த்துவிட்டால் இரு பெயர்களும் ஒரே கோப்புக்குக் கொண்டுசெல்லும். கல்வெட்டுக்குத்தான் தனிக் கோப்பு தேவை. குடைவரை, ஏரி, முதலாம் மகேந்திரவர்மன் ஆகிய மூன்றுக்கும் அங்கிருந்து இணைப்புக் கொடுங்கள்.